தனித்தனியாக எடுத்த ஆட்களை ஒரே குடும்பப் படத்தில் சேர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூத்தவன் துபாயில், இளையவள் டொராண்டோவில், தாத்தா படுக்கையை விட்டு எழ முடியாத நிலையில், பாட்டி இறந்து மூன்று வருடம். ஆனாலும் எல்லாரும் வீட்டு வாசலில் சேர்ந்து நிற்கிற படம் ஒன்று கூடத்தில் மாட்ட வேண்டும். ஸ்டூடியோக்களுக்கு இப்படி வரும் வேலை நிறைய. எட்டுப் பேர், 12க்கு 18 அங்குல பிரிண்ட் என்று வைத்துக்கொண்டு கீழே உள்ள கணக்குகளைப் போட்டிருக்கிறோம். கேமரா முழுச் சட்டக சென்சார், 24 மெகாபிக்சல். அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் லென்ஸின் மி.மீ. எண்ணை 1.5 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

எதிலிருந்து தொடங்குவது?

எதை மாற்றவே முடியாதோ அதிலிருந்து. பாட்டியின் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதை முதலில் மேசையில் வையுங்கள். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கேமரா கண் மட்டத்தில் இருந்ததா மேலே இருந்ததா என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். வாசலையும் மற்ற ஏழு பேரையும் அந்தக் குறிப்புக்கு ஏற்றபடி எடுக்க வேண்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஏழு பேரையும் அழகாக இடப்பக்க வெளிச்சத்தில் எடுத்து முடித்தபின் கடைசியில் வந்து சேரும் பழைய படத்தில் வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து விழுந்திருக்கும். அதை எந்த மென்பொருளாலும் ஒழுங்காகச் சரிசெய்ய முடியாது.

பழைய படம் எதுவும் இல்லையென்றால் மாற்ற முடியாதது வாசல்தான். அதை முதலில் எடுங்கள், ஆட்களைப் பிறகு.

எவ்வளவு தூரத்திலிருந்து, எந்த லென்ஸில் எடுக்க வேண்டும்?

உருவத்தின் அமைப்பைத் தீர்மானிப்பது லென்ஸ் அல்ல, தூரம். ஆகவே தூரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். எட்டுப் பேர் ஒரே வரிசையில் நின்றால் நாலு மீட்டர் அகலம் தேவை. 50 மி.மீ. லென்ஸ், படுக்கை வாட்டம், 6 மீட்டர் தூரம் என்றால் 4.3 மீட்டர் அகலமும் 2.9 மீட்டர் உயரமும் கிடைக்கும். வாசலை அப்படி எடுங்கள்.

ஆட்களைத் தனித்தனியாக எடுக்கும்போதும் அதே 6 மீட்டர். லென்ஸ் மட்டும் 85 மி.மீ., கேமரா நெட்டு வாட்டம். அப்போது ஒரு ஆள் சட்டத்தை நிரப்பி நிற்பார், பிக்சலும் வீணாகாது. தூரம் ஒன்றாக இருப்பதால் பிறகு சுருக்கி வைக்கும்போது பொருந்திவிடும்.

இடமில்லை என்று ஆட்களை 2 மீட்டரில் நிறுத்தி எடுத்தால் கெடுவது பாதத்தில்தான் முதலில் தெரியும். கேமரா 110 செ.மீ. உயரத்தில் இருக்கும்போது 6 மீட்டருக்கு அப்பால் உள்ள பாதத்தை ஏறக்குறைய 10 பாகைச் சரிவில் பார்க்கிறோம், 2 மீட்டரில் உள்ளதை 29 பாகைச் சரிவில். பாதத்தின் மேற்புறம் அதிகமாகத் தெரியும், ஆள் வழுக்கி முன்னால் விழப்போவதுபோல் இருக்கும். ஸ்டூடியோவில் 4 மீட்டர்தான் கிடைக்கும் என்றால் நாலு பேர் உட்கார, நாலு பேர் பின்னால் நிற்க என இரண்டு வரிசையாகத் திட்டமிட்டு, வாசலையும் 4 மீட்டரிலிருந்து 35 மி.மீ. லென்ஸில் எடுங்கள்.

கேமரா எந்த உயரத்தில்?

லென்ஸின் நடுப்பகுதி தரையிலிருந்து 110 செ.மீ. ஸ்டாண்டில் பூட்டி, மேலும் கீழும் சாயாமல் மட்டம் பார்த்துவிட்டு, கடைசி ஆள் முடியும்வரை தொடாதீர்கள். குழந்தை வந்தால் கேமராவை இறக்குகிற பழக்கம் எல்லாருக்கும் உண்டு. தனிப்படத்துக்கு அது சரி, இந்த வேலைக்கு ஆகாது. உண்மையில் சேர்ந்து நின்றிருந்தால் குழந்தையையும் அந்த 110 செ.மீ. உயரத்திலிருந்துதானே கேமரா பார்த்திருக்கும்?

எண் 110 ஆகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வாசலுக்கும் ஆட்களுக்கும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வாசலை எடுக்கும்போது என்னென்ன கவனிக்க வேண்டும்?

நேர் வெயில் விழாத நேரமாகப் பாருங்கள். வெயிலில் எடுத்த வாசலில் திண்ணைத் தூணின் நிழல் கத்தியால் வெட்டியதுபோல் விழும். அதன் அருகே சாஃப்ட்பாக்ஸ் (விளக்கின் ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டி) வெளிச்சத்தில் எடுத்த ஆள் நின்றால் முதல் பார்வையிலேயே ஒட்டு தெரியும். கிழக்குப் பார்த்த வீடு என்றால் பிற்பகல், மேற்குப் பார்த்தது என்றால் காலை.

மூன்று படங்கள் எடுங்கள். முதலாவது வெறும் வாசல். இரண்டாவது, குரூப் நிற்கப் போகும் இடத்தில் மாதிரி ஆளாக ஒருவரைச் சாம்பல் அட்டையுடன் (வெளிச்சத்தையும் நிறத்தையும் ஒப்பிட உதவும் நடுச்சாம்பல் அட்டை) நிறுத்தி ஒன்று. மூன்றாவது, அதே ஆளைப் பின்வரிசை இடத்தில் நிறுத்தி ஒன்று. பிந்தைய இரண்டும் இறுதிப் படத்தில் வராது. ஆனால் உயரம், நிழலின் கருமை, அந்த இடத்துத் தோல்நிறம் ஆகிய மூன்றையும் பிறகு அவற்றைப் பார்த்துத்தான் ஒப்பிடப் போகிறோம். மாதிரி ஆளின் உயரத்தை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஸ்டூடியோ லைட்டை எப்படி வைப்பது?

மாதிரி ஆளின் முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எந்தக் கன்னம் பிரகாசம், மூக்கின் நிழல் எந்தப் பக்கம் என்று தெரியும். முக்கிய விளக்கை அந்தப் பக்கம் 45 பாகையில் வையுங்கள். 90க்கு 120 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ், ஆளிலிருந்து 2.5 மீட்டர், நடு உயரம் 2.2 மீட்டர் என்பது நல்ல தொடக்கம். மறுபக்கம் வெள்ளைத் தெர்மகோல் பலகை அல்லது ஒரு ஸ்டாப் குறைவாக, அதாவது பாதி வெளிச்சத்தில், இன்னொரு விளக்கு. எஃப் 8, 1/125 வினாடி, ஐஎஸ்ஓ 100, எல்லாமே மேனுவல். வைட் பேலன்ஸ் ஆட்டோவில் இருக்கவே கூடாது, 5500 கெல்வினில் நிறுத்துங்கள். ரா கோப்பாக (கேமரா திருத்தாத மூலக்கோப்பு) எடுங்கள்.

ஆள் நிற்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டுங்கள். விளக்கிலிருந்து 2.5 மீட்டரில் நிற்க வேண்டியவர் அரை மீட்டர் முன்னால் வந்துவிட்டால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் வெளிச்சம் கூடும். எட்டுப் பேரும் கொஞ்சம் கொஞ்சம் மாறி நின்றால் பிறகு எட்டு விதமாகத் திருத்த வேண்டிவரும். பின்வரிசைக்கு 60 செ.மீ. பின்னால் இன்னொரு டேப் ஒட்டி, விளக்கையும் அதே அளவு தள்ளுங்கள்.

ஒவ்வொருவரின் முதல் படத்திலும் சாம்பல் அட்டை பிடிக்கச் சொல்லுங்கள். இரண்டாம் நாள் அமர்வு இருந்தால் இது மிக முக்கியம்.

பின்னால் பச்சைத் துணி கட்டலாமா?

வேண்டாம். வீடியோவில் அது செல்லும், பட்டுப்புடவை உடுத்திய குடும்பத்துக்குச் செல்லாது. பச்சைப் பட்டு கட்டியவர் இருந்தால் அவரே பாதி காணாமல் போவார். வெள்ளை வேட்டி பச்சையை அப்படியே வாங்கிக்கொள்ளும். ஜரிகையும் நகையும் கண்ணாடிபோல் அதைப் பிரதிபலிக்கும்.

வெறும் வெள்ளையும் சிக்கல்தான், மல்லிகைச் சரம் பின்னணியில் கரைந்துவிடும். கருப்பில் கூந்தல் கரையும். நடுச்சாம்பல் காகிதச் சுருளே நம் ஆட்களுக்கு ஏற்றது. அதைத் தரையிலும் விரித்து ஆளை அதன்மேல் நிறுத்துங்கள், காலடி நிழல் உங்களுக்கு வேண்டும். பின்னால் தொங்கும் காகிதத்துக்கும் ஆளுக்கும் இடையே 2 மீட்டர் விடுங்கள்.

தோளில் கை போட்டு நிற்பது, மடியில் குழந்தை இதெல்லாம் முடியுமா?

முடியும், ஆனால் கையைக் காற்றில் நிறுத்தச் சொல்லி எடுத்தால் முடியாது. எடை எதிலும் படாத கை தனியாகத் தெரியும், விரல்கள் விறைத்து நிற்கும். இல்லாதவரின் தோள் உயரத்தில் உள்ள வேறொருவருக்குச் சாம்பல் நிறச் சட்டை போட்டு நிறுத்தி, அவர் தோளில் கையை வைக்கச் சொல்லுங்கள். பிறகு கை மட்டும் இருக்க, அந்த ஆளை நீக்கலாம். கை அழுந்தும் இடத்தில் துணி கசங்க வேண்டும் என்பதால் மற்றவரை எடுக்கும்போதும் யாராவது ஒருவர் அதே தோளில் கை வைத்து ஒரு படம் எடுங்கள்.

மடிக்குழந்தையைத் தனியாக எடுத்துச் சேர்க்க முயலாதீர்கள். தாயையும் குழந்தையையும் ஒன்றாக எடுங்கள். தொட்டுக்கொள்ளும் இடங்கள் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு வேலை மிச்சம்.

வெளிநாட்டில் இருப்பவர் போனில் எடுத்து அனுப்பினால் போதுமா?

போதும், செல்ஃபி தவிர. கை நீளத்தில், அதாவது அரை மீட்டரில், மூக்கு காதைவிடப் பத்து செ.மீ. முன்னால் இருப்பதால் அது ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகப் பதியும். ஆறு மீட்டரில் அந்த வித்தியாசம் இரண்டு சதவீதத்துக்கும் கீழே. அவருக்கு இப்படி எழுதி அனுப்புங்கள்:

"போனைத் தரையிலிருந்து 110 செ.மீ. உயரத்தில் நேராக நிறுத்தவும். பின்பக்கக் கேமரா, 2 மடங்கு ஜூம். 6 மீட்டர் தள்ளி நின்று முழு உருவம், பாதம் தெரிய எடுக்கவும். போர்ட்ரெய்ட் மோடு, பியூட்டி ஃபில்டர் வேண்டாம். நேர் வெயில் வேண்டாம், வெளிச்சம் உங்கள் இடப்பக்கத்திலிருந்து வரட்டும். பத்துப் படமாவது எடுக்கவும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பவும்."

இடப்பக்கமா வலப்பக்கமா என்பதை உங்கள் வாசல் படத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். "உங்கள் இடப்பக்கம்" என்று எழுதினால் குழப்பம் வராது, வெறும் "இடப்பக்கம்" என்றால் பாதிப் பேர் படத்தின் இடப்பக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பனிக்காலத்துக் கோட்டுடன் எடுத்து அனுப்பினால் வாசலில் நிற்கும் படத்தில் பொருந்தாது, உடையையும் சொல்லிவிடுங்கள்.

இறந்தவரின் பாஸ்போர்ட் அளவுப் படம் மட்டும்தான் இருக்கிறது. அதை வைத்துச் செய்ய முடியுமா?

பிக்சல் போதுமா என்பதுதான் பலருக்கும் கவலை. அது உண்மையில் சின்னக் கவலை. 12க்கு 18 அங்குலத்தை 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) அடித்தால் 5400க்கு 3600 பிக்சல். அதில் ஒரு முகம் தாடையிலிருந்து உச்சிவரை ஏறக்குறைய 280 பிக்சல்தான் வரும். 35க்கு 45 மி.மீ. படத்தை 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 1650க்கு 2120 பிக்சல் கிடைக்கிறது. தேவைக்கு மேலேயே இருக்கிறது.

பெரிய கவலை வெளிச்சமும் உடலும். பாஸ்போர்ட் படத்தில் வெளிச்சம் பெரும்பாலும் நேர் முன்னாலிருந்து விழும். ஆகவே மற்ற எல்லாரையும் எடுக்கும்போது முக்கிய விளக்கை 45 பாகைக்குப் பதில் 20 பாகைக்குக் கொண்டு வாருங்கள், மறுபக்க வெளிச்சத்தையும் கூட்டுங்கள். எட்டுப் படமும் கொஞ்சம் தட்டையாகத்தான் இருக்கும். இருக்கட்டும், பாட்டி மட்டும் ஒட்டிவைத்ததுபோல் இருப்பதைவிட அது நல்லது.

உடலுக்கு, அவர் சாயலில் உள்ள மகளையோ தங்கையையோ, முடிந்தால் அவருடைய புடவையையே உடுத்தி உட்காரவைத்து எடுங்கள். தலையை வெட்டி வைக்கும் கோடு கழுத்தின் நடுவே வரக்கூடாது. தாடையின் கீழுள்ள நிழலில் அல்லது சங்கிலி, ரவிக்கை விளிம்பில் வரட்டும். வீட்டில் உள்ள எல்லாரிடமும் முன்கூட்டியே சம்மதம் கேளுங்கள். சிலருக்கு இப்படிப் பார்ப்பது ஆறுதல், சிலருக்குத் தாங்காது. அது குடும்பம் எடுக்க வேண்டிய முடிவு, ஸ்டூடியோ எடுக்க வேண்டியதல்ல.

ஒவ்வொருவரும் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை எப்படிக் கணக்கிடுவது?

கண்ணால் பார்த்துப் போடாதீர்கள். சேர்த்த படங்கள் கெடுவதில் பாதிக்குமேல் இங்கேதான்.

கேமரா மட்டமாக 110 செ.மீ. உயரத்தில் இருந்தால், வாசல் படத்தின் கண்மட்டக் கோடு (கேமராவின் உயரத்தைக் காட்டும் கிடைக்கோடு) சட்டத்தின் சரிநடுவில் இருக்கும். சமதரையில் நிற்கும் யாரானாலும், முன்னால் நின்றாலும் பின்னால் நின்றாலும், அந்தக் கோடு அவர்களைப் பாதத்திலிருந்து 110 செ.மீ. உயரத்தில் வெட்டும். ஆகவே பாதத்துக்கும் கோட்டுக்கும் இடையே உள்ள பிக்சலை 110 ஆல் வகுத்தால் அந்த இடத்தில் ஒரு செ.மீ.க்கு எத்தனை பிக்சல் என்பது தெரிந்துவிடும்.

நம் உதாரணத்தில் முன்வரிசைப் பாதம் கோட்டுக்கு 1375 பிக்சல் கீழே. 1375ஐ 110 ஆல் வகுத்தால் 12.5. 150 செ.மீ. உயரமுள்ளவர் 1875 பிக்சல் இருக்க வேண்டும். பின்வரிசை 60 செ.மீ. தள்ளி இருப்பதால் அங்கே பாதம் கோட்டுக்கு 1250 பிக்சல் கீழே, செ.மீ.க்கு 11.4. அங்கே நிற்கும் 165 செ.மீ. ஆளுக்கும் அதே 1875 பிக்சல்தான் வரும். இரண்டு பேரும் ஒரே உயரமாகத் தெரிகிறார்களே என்று பின்வரிசையை இழுத்துப் பெரிதாக்கும் ஆசை வரும், விட்டுவிடுங்கள்.

அமர்ந்திருப்பவருக்கு நாற்காலிக் கால் தரையைத் தொடும் இடத்தை வைத்துக் கணக்கிடுங்கள். ஒரே டேப் குறியில் நின்ற எல்லாரையும் ஒரே சதவீதத்தில் சுருக்க வேண்டும். 85 மி.மீ. லென்ஸில் எடுத்தவர்களுக்கு அது 53 சதவீதத்தை ஒட்டி வரும். அண்ணனை மட்டும் கொஞ்சம் உயரமாக்குங்கள் என்று கேட்டால் மறுத்துவிடுங்கள்.

வேறு யாரோ எடுத்த வாசல் படம், கேமரா உயரம் தெரியாது என்றால் தரை ஓட்டின் கோடுகளையும் தாழ்வாரத்தின் கோட்டையும் நீட்டிக்கொண்டே போங்கள். அவை சந்திக்கும் புள்ளியின் உயரம்தான் கண்மட்டம். கதவின் உயரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் மீதியும் கிடைத்துவிடும்.

கூந்தலையும் பூவையும் எப்படி வெட்டுவது?

போட்டோஷாப்பில் செலக்ட் சப்ஜெக்ட் கொடுத்து, செலக்ட் அண்ட் மாஸ்க்கில் கூந்தல் ஓரத்தை ரிஃபைன் பிரஷ்ஷால் தடவுங்கள். வெளியீட்டை லேயர் மாஸ்க்காக (அடுக்கின் ஒரு பகுதியை அழிக்காமல் மறைக்கும் திரை) எடுங்கள். அழிப்பானால் அழித்தால் பிறகு திரும்ப வராது. உடல் ஓரத்துக்கு மாஸ்க்கை 1 பிக்சல் உள்ளே தள்ளி, அரை முதல் ஒரு பிக்சல் மென்மையாக்கினால் சாம்பல் விளிம்பு போய்விடும். கூந்தலில் அப்படித் தள்ளினால் மயிரிழைகள் எல்லாம் போய், தொப்பி வைத்ததுபோல் ஆகும். அங்கே சாம்பல் ஓரம் மிஞ்சினால் புது லேயரில், அதே கூந்தலின் நிறத்தை எடுத்து மெல்லிய பிரஷ்ஷால் தடவுங்கள். காற்றில் பறக்கும் ஒன்றிரண்டு இழைகளைக் கையால் வரைந்து சேர்ப்பதில் தவறில்லை.

ஆட்கள் தரையில் நிற்காமல் மிதக்கிறார்கள். ஏன்?

காலடியில் நிழல் ஒன்றுதான் போட்டிருப்பீர்கள். இரண்டு வேண்டும். பாதம் தரையைத் தொடும் இடத்தில் மெல்லிய, கருமையான கோடு, மங்கல் 5 பிக்சலுக்கு மேல் வேண்டாம், அடர்த்தி 70 சதவீதம். அதைச் சுற்றி அகலமான, மங்கலான நிழல், 20 முதல் 30 சதவீதம், பாதத்திலிருந்து விலக விலக இன்னும் மங்க வேண்டும். இரண்டும் மல்டிப்ளை (கீழே உள்ளதைக் கருமையாக்கும் கலப்பு முறை). நிறம் சுத்தக் கருப்பு அல்ல, அந்தத் தரையின் நிழலிலிருந்தே எடுங்கள். சிவப்புச் சிமெண்டுத் தரையின் நிழல் கரும்பழுப்பாக இருக்கும்.

அடுத்தடுத்து நிற்பவர்களுக்கு இடையிலும் நிழல் உண்டு. முன்னால் நிற்பவரின் தோள், பின்னால் நிற்பவரின் சட்டையைச் சற்றுக் கருமையாக்கும். இதைப் போட மறப்பவர்கள் அதிகம்.

நிறத்தை எந்த வரிசையில் சரிசெய்வது?

வெளிச்சம், பிறகு கான்ட்ராஸ்ட், பிறகு நிறம். எல்லாவற்றுக்கும் மேலே கருப்பு வெள்ளை லேயர் ஒன்று போட்டு, முதல் இரண்டையும் அதில் பார்த்தே முடியுங்கள். குறிப்பாகக் கருமையின் அளவு. திறந்த நிழலில் உள்ள வாசலில் சுத்தக் கருப்பு அநேகமாக இருக்காது. ஸ்டூடியோவில் எடுத்த கூந்தல் அதைவிடக் கருப்பாக இருந்தால் ஆள் படத்திலிருந்து பிதுங்குவார். ஒவ்வொருவருக்கும் தனி கர்வ்ஸ் லேயர் (வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்ட்டையும் மாற்றும் அடுக்கு), அந்த ஆளுக்கு மட்டும் கிளிப் செய்து.

கருப்பு வெள்ளை லேயரை எடுத்தபின் மாதிரி ஆளின் தோலோடு ஒப்பிட்டு நிறத்தைத் திருத்துங்கள். எல்லாரையும் ஒரே நிறமாக்கிவிடாதீர்கள், வெளுப்பாக்கவும் வேண்டாம். ஒரு குடும்பத்தில் நாலு நிறம் இருப்பதுதான் இயல்பு. அதை அழித்தால் படமும் பொய்யாகத் தெரியும், அந்த மனிதருக்கும் அவமரியாதை.

ஒருவரைக் கண்ணாடிபோல் திருப்பிவைத்தால் வெளிச்சம் பொருந்துகிறது. திருப்பலாமா?

கூடாது. முந்தானை இடத்தோளிலிருந்து வலத்தோளுக்குப் போகும். சட்டைப் பை வலப்பக்கம் வரும். மூக்குத்தி, வகிடு, மச்சம், கடிகாரம் எல்லாம் இடம் மாறும். வெளியார் கவனிக்க மாட்டார்கள், வீட்டார் ஏதோ சரியில்லை என்று உடனே சொல்வார்கள்.

போட்டோஷாப் இல்லாமல் செய்ய முடியுமா?

முடியும். ஜிம்ப் இலவசம். போட்டோபியா பிரவுசரிலேயே ஓடும். லேயர், மாஸ்க், கர்வ்ஸ், மல்டிப்ளை நான்கும் இருந்தால் போதும்.

ஏஐயிடம் எட்டுப் படத்தையும் கொடுத்துச் சேர்க்கச் சொன்னால்?

பின்னணியை ஓரத்தில் நீட்டவும், தோள் கொடுக்க நின்ற ஆளை நீக்கிய இடத்தை நிரப்பவும் அது நன்றாக உதவும். முகத்தில் மட்டும் தொட விடாதீர்கள். அது முகத்தைப் புதிதாக வரைகிறது. பல்வரிசையும் கண்ணோரமும் சற்றே மாறி, யாரோ ஒரு சொந்தக்காரர்போல் ஆகிவிடும். இறந்தவர் விஷயத்தில் இது பெரிய இழப்பு.

இது கம்ப்யூட்டர் வந்தபின் வந்த வேலைதானே?

இல்லை. 1850களிலேயே பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே, கடலை ஒரு நெகடிவிலும் வானத்தை இன்னொன்றிலும் எடுத்துச் சேர்த்தார். அன்றைய ரசாயனம் நீல ஒளியை அதிகமாகப் பிடித்ததால் கடலுக்குச் சரியாக வைத்தால் வானம் வெளுத்துப்போகும். 1857இல் இங்கிலாந்தில் ஆஸ்கர் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகடிவ்களைக் கொண்டு ஒரே படத்தை உருவாக்கினார். அடுத்த வருடம் ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகடிவ்களைச் சேர்த்து, சாகும் தறுவாயில் உள்ள பெண்ணின் படத்தைச் செய்தார்.

எங்கோ தவறு இருக்கிறது, எங்கே என்று பிடிபடவில்லை.

படத்தை முழுதாகக் கண்ணாடிபோல் திருப்பிப் பாருங்கள். பிறகு கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். சுருக்கியதில் யார் முதலில் கண்ணில் படுகிறாரோ அவருடைய வெளிச்சமோ கருமையோ தவறு. அங்கும் தெரியவில்லையென்றால் கூர்மையைப் பாருங்கள். 85 மி.மீ. படத்தைப் பாதியாகச் சுருக்கியதால் ஆட்கள் வாசலைவிடக் கூர்மையாக இருப்பார்கள். அரை பிக்சல் மங்கல் கொடுத்து, கடைசியில் முழுப்படத்துக்கும் மேலே ஒரே அளவில் மெல்லிய நாய்ஸ் (நுண்புள்ளிகள்) போட்டால் எல்லாம் ஒரே கேமராவில் வந்ததுபோல் படியும். போன் படத்தில் ஏற்கெனவே அது துடைக்கப்பட்டிருக்கும், அந்த ஆளுக்குச் சற்றுக் கூடுதலாகப் போட வேண்டிவரும்.

பிரிண்டுக்கு எப்படிக் கொடுப்பது?

லேயர்களோடு உள்ள 16 பிட் கோப்பை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். லேப்புக்கு 5400க்கு 3600 பிக்சல், எஸ்ஆர்ஜிபி நிறவெளி, அதிகத் தரத்தில் ஜேபெக். முழு அளவுக்கு முன் 4க்கு 6 அங்குலத்தில் ஒன்று அடித்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். திரையில் மறைந்திருக்கும் காலடி நிழல் காகிதத்தில் கறையாகத் தெரிந்தால் அகலமான நிழலை ஐந்து சதவீதம் குறைத்துவிட்டுப் பெரியதை அடியுங்கள்.